மேட் ஃபினிஷ் எப்படி உருவாகிறது: சுவர், மரம், ஃபிலிம், உலோகம்

வீட்டுச் சுவரில் அடித்த மேட் எமல்ஷன், கல்யாணப் பத்திரிகையின் மேலட்டையில் ஒட்டிய மேட் லேமினேஷன், அலுமினிய ஜன்னல் சட்டத்தின் மங்கிய வெள்ளி நிறம் ஆகிய மூன்றையும் ‘மேட்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். ஆனால் சுவரில் அந்த மங்கல் பெயிண்ட் காயும்போது உண்டானது. ஃபிலிமில் பிளாஸ்டிக் இழுபடும்போது உண்டானது. அலுமினியத்தில் காரம் அரித்ததால் உண்டானது. பிறந்த விதம் வேறு என்பதால் அவற்றைக் கெடுப்பவையும் வேறு, சரிசெய்யும் வழிகளும் வேறு. பெயிண்டரானாலும் அச்சக உரிமையாளரானாலும் பட்டறை நடத்துபவரானாலும், வேலையைத் தொடங்கும் முன்பும் வேலை கெட்டுப்போன பின்பும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பரப்பை மங்க வைத்தது எது? இந்த அத்தியாயம் முழுவதும் அந்தக் கேள்வியின் பின்னாலேயே போகிறது.

ஒளி என்ன செய்கிறது

வழவழப்பான பரப்பில் விழும் ஒளி, வந்த கோணத்துக்கு ஒத்த கோணத்தில் மறுபக்கமாகத் திரும்பிப் போகும். கண் அந்தத் திசையில் இருந்தால் டியூப்லைட்டின் உருவமே சுவரில் தெரியும். பரப்பில் நுண்ணிய மேடுபள்ளங்கள் இருந்தால் அதே ஒளி பல திசைகளில் சிதறும். விளக்கின் உருவம் கலைந்துபோகும். மேட் பெயிண்ட் ஒளியை உறிஞ்சிவிடுகிறது என்று கடைகளில் சொல்வதுண்டு; அது சரியல்ல. வார்னிஷ் போன்ற ஒரு பூச்சின் மேல் ஒளி நேராக விழும்போது, மேற்பரப்பிலிருந்து ஏறக்குறைய 4 விழுக்காடு திரும்புகிறது. பளபளப்பான பூச்சில் அந்த 4 விழுக்காடும் ஒரே திசையில் போகிறது. மேட் பூச்சில் எல்லாத் திசைகளிலும் பரவுகிறது.

கறுப்பு நிறத்தில் இதை நன்றாகக் காணலாம். பளபளப்பான கறுப்புப் பூச்சை விளக்கு தெரியாத கோணத்திலிருந்து பார்த்தால் ஆழ்ந்த கறுப்பாக இருக்கும். அதே டின்னின் நிறத்தை மேட்டில் அடித்தால் சற்றே சாம்பல் பூத்ததுபோல் தெரியும். சிதறிய வெள்ளை ஒளி எந்தக் கோணத்திலும் கண்ணுக்கு வந்து சேர்வதே காரணம். ஆகவே பளபளப்பான நிற அட்டையைக் காட்டி மேட் பூச்சுக்கு நிறம் தேர்ந்தெடுக்க வைக்காதீர்கள். கருநீலம், கரும்பச்சை, கறுப்பு ஆகியவற்றில் வாடிக்கையாளரின் ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது.

எவ்வளவு மேடுபள்ளம் இருந்தால் மங்கும்? கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. பச்சை ஒளி நேராக விழும்போது, ஏற்றத்தாழ்வு சுமார் 0.07 மைக்ரானைத் தாண்டினாலே பரப்பு கண்ணாடித் தன்மையை இழக்கத் தொடங்கும் என்று ரேலி வகுத்த அளவுகோல் சொல்கிறது. அதே அளவுகோல்படி, பரப்பை ஒட்டினாற்போல் 85 டிகிரி சாய்வில் பார்த்தால் 0.8 மைக்ரான் வரையிலான ஏற்றத்தாழ்வும் வழவழப்பாகவே நடந்துகொள்ளும். நேரே நின்று பார்க்கையில் அருமையாக மங்கியிருக்கும் கூடத்துச் சுவர், ஜன்னலோரம் நின்று நீளவாக்கில் பார்க்கும்போது பட்டை பட்டையாக மினுங்குவது இதனால்தான். வேலையை ஒப்படைக்கும் முன் அந்தக் கோணத்திலிருந்து நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். வீட்டுக்காரர் சோபாவில் உட்கார்ந்து தினமும் பார்க்கப்போவது அந்தக் கோணத்தில்தான்.

பளபளப்பை அளக்கும் கிளாஸ் மீட்டர் இந்தக் கோண வேறுபாட்டைக் கணக்கில் கொண்டே செய்யப்பட்டது. ஒளிவிலகல் எண் 1.567 கொண்ட வழவழப்பான கறுப்புக் கண்ணாடிக்கு 100 அலகு என்று வைத்து, மற்றவற்றை அதோடு ஒப்பிடுவார்கள். பொதுவாக 60 டிகிரியில் அளக்க வேண்டும். அங்கே 70 அலகுக்கு மேல் வந்தால் 20 டிகிரிக்கும், 10 அலகுக்குக் கீழே வந்தால் 85 டிகிரிக்கும் மாற வேண்டும். மேட் வேலைக்கு 85 டிகிரி அளவைக் கேட்டு வாங்குவது நல்லது. 60 டிகிரியில் ஒரே எண் காட்டும் இரண்டு சுவர்கள், சாய்வில் பார்க்கையில் வேறு வேறாக மினுங்கக்கூடும்.

தண்ணீர், டேப், கட்டைவிரல்

கருவி இல்லாமலும் நிறையக் கண்டுபிடிக்கலாம். மங்கிய இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரைத் தடவுங்கள். ஈரம் இருக்கும்வரை பளபளப்பாகவும் நிறம் ஆழ்ந்தும் தெரிந்து, காய்ந்ததும் பழையபடி மங்கினால், மங்கல் மேற்பரப்பின் மேடுபள்ளத்தில் இருக்கிறது. தண்ணீர் அந்தப் பள்ளங்களை நிரப்பிச் சமதளமாக்கியதே பளபளப்புக்குக் காரணம். நனைத்த பிறகும் வெண்மை போகவில்லை என்றால் அது பூச்சின் உள்ளே சிக்கியிருக்கிறது. மேலே எத்தனை கோட் அடித்தாலும் அது மறையாது.

கண்ணாடிக்கும் பிளாஸ்டிக் ஃபிலிமுக்கும் ஒட்டும் டேப் இன்னும் தெளிவான சோதனை. பனிபடர்ந்தாற்போன்ற குளியலறைக் கண்ணாடியின் சொரசொரப்பான பக்கத்தில் வெளிப்படையான டேப்பை அழுத்தி ஒட்டினால், அந்த இடம் மட்டும் தெளிந்து மறுபக்கம் தெரியும். டேப்பின் பசை மேடுபள்ளத்தை நிரப்பிவிடுகிறது. தெளியவில்லையென்றால் மங்கல் பொருளின் உள்ளே இருக்கிறது.

மூன்றாவது, கட்டைவிரல். வெளிச்சுவர் பெயிண்டை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். விரலில் மாவுபோல் ஒட்டினால் அது சுண்ணம் பூத்தல். வெயிலின் புற ஊதாக் கதிர் பிசினைச் சிதைத்துவிட்டது. பிடிமானம் இழந்த நிறப்பொடி மேலே உதிர்ந்து நிற்கிறது. பார்வைக்கு இதுவும் மேட்தான், ஆனால் அழிந்துகொண்டிருக்கும் மேட். இதன்மேல் புதுப் பெயிண்டை நேராக அடித்தால் மாவோடு சேர்ந்து உரிந்து வரும். கழுவி, காயவிட்டு, பிரைமர் அடித்த பிறகே அடுத்த வேலை.

சுவர்: காயும்போது நடப்பது

பெயிண்டில் மூன்று பங்கு இருக்கிறது: படலமாகப் பிடித்துக்கொள்ளும் பிசின், நிறமும் மறைப்பும் தரும் பொடிகள், ஆவியாகிப் போகும் தண்ணீர் அல்லது தின்னர். ஈரமாக அடித்தபோது எல்லாப் பெயிண்டுமே பளபளக்கும். திரவம் தன்னைத்தானே சமப்படுத்திக்கொள்ளும். மங்கல் பிறப்பது அதன் பிறகு. தண்ணீர் போகப்போகப் படலம் மெலிந்து கீழே இறங்குகிறது. பொடித்துகள்கள் சுருங்குவதில்லை. ஒரு கட்டத்தில் அவை படலத்தின் முதுகைத் துருத்திக்கொண்டு நிற்கும். அந்தத் துருத்தல்தான் மேட்.

எத்தனை துகள் துருத்தும் என்பது பொடியும் பிசினும் கலந்திருக்கும் விகிதத்தைப் பொறுத்தது. காய்ந்த படலத்தின் கன அளவில் பொடியின் பங்கு குறைவாக இருந்தால் பிசின் எல்லாவற்றையும் மூழ்கடித்து வழவழப்பாக மூடிவிடும், அது எனாமல். பங்கு கூடக்கூட மங்கும். ஓர் எல்லையில், துகள்களுக்கு இடையே உள்ள சந்துகளை நிரப்ப மட்டுமே பிசின் போதும். 1949-இல் ஆஸ்பெக், வான் லூ என்ற இருவர் இந்த எல்லையை வரையறுத்துப் பெயரிட்டார்கள். பெயிண்ட் ஆய்வகங்கள் இன்றும் அந்தக் கணக்கில்தான் வேலை செய்கின்றன. எல்லையைத் தாண்டினால் சந்துகளில் காற்று புகுந்துவிடும். பெயிண்ட் மிகவும் மங்கும், மறைப்பும் கூடும். கூடவே கறை உறிஞ்சும், துடைத்தால் கரையும். மலிவான டிஸ்டெம்பர் முதல் நாள் அழகாக மறைப்பதும், முதல் மழைக்கசிவில் கறை குடிப்பதும் ஒரே காரணத்தால். சுண்ணாம்பு அடித்த சுவரில் பிசினே கிடையாது. காற்றின் கரியமில வாயுவோடு சேர்ந்து உருவான நுண்படிகங்களின் மேடுபள்ளமே அதன் மங்கல். அதே சுண்ணாம்பை நுணுக்கமாக அரைத்துப் பூசி, ஈரம் போகும் முன் கல்லால் தேய்த்து அமுக்கிப் பளிங்குபோல் ஆக்குவதுதான் செட்டிநாட்டுச் சுவர். மங்கலும் பளபளப்பும் பரப்பின் வடிவத்தைப் பொறுத்தவை என்பதற்கு காரைக்குடிப் பக்கத்து வீடுகளை விடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது.

நல்ல மேட் எமல்ஷன் அந்த எல்லையைத் தாண்டாமலேயே மங்கும்படி செய்யப்படுகிறது. அதற்காகச் சேர்ப்பது சிலிக்கா: சில மைக்ரான் அளவுள்ள, உள்ளே துளைகள் நிறைந்த துகள்கள். அளவில் பெரியவையாகவும் எடையில் லேசாகவும் இருப்பதால் கொஞ்சம் சேர்த்தாலே பரப்பைச் சொரசொரப்பாக்கிவிடும். வார்னிஷ்களில் மெழுகுத் துகளும் சேர்ப்பார்கள். அது மேலே மிதந்து வந்து மங்கலோடு ஒரு வழுக்கலையும் தருகிறது.

வேலையில் வரும் தொல்லைகள் பெரும்பாலும் இந்த ஒரு நிகழ்விலிருந்தே கிளைக்கின்றன. டின்னின் அடியில் படிந்திருப்பது வெறும் நிறம் என்று எண்ணி மேலாகக் கலக்கினால், முதல் சுவர் பளபளப்பாகவும் கடைசிச் சுவர் சாக்பீஸ் போலவும் வரும். அடிவரை கோல் விட்டுக் கலக்குங்கள். வேலை நடுவிலும் கலக்குங்கள். ஒரு வீட்டுக்கு மூன்று டின் தேவையென்றால் மூன்றையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துவிடுவது நான் எப்போதும் வற்புறுத்தும் பழக்கம்.

படலத்தின் தடிமனும் முக்கியம். தடிமனாக அடித்த இடத்தில் துகள்கள் ஆழத்தில் தங்கிவிடும், பளபளப்பு கூடும். மெல்லிய இடத்தில் அதே துகள்கள் துருத்தும். ரோலர் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடம் காய்ந்தபின் பட்டையாகத் தெரிவது இதனால்தான். ஈர விளிம்பு காயும் முன் அடுத்த பட்டையைச் சேர்த்துவிட வேண்டும். சுவரின் ஒரு மூலையில் தொடங்கினால் மறுமூலை வரை நிறுத்தக் கூடாது. பங்குனி, சித்திரை வெயிலில் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு மேட் அடிப்பதைத் தவிருங்கள், விளிம்பு மிக விரைவில் இறுகிவிடும்.

பட்டி பார்த்த இடத்தில் பிரைமர் போடாமல் அடித்தால் பட்டி பிசினை உறிஞ்சிக்கொள்ளும். மேலே பொடி மட்டும் மிஞ்சி, அந்த இடம் திட்டாக மங்கும். பலர் இதைப் பெயிண்டின் குறை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள். குறை அடியில் இருக்கிறது.

மேட் சுவரில் ஒட்டுப்போடும் வேலை எடுபடாது. ஆணி பிடுங்கிய இடத்தில் அதே பெயிண்டை பிரஷ்ஷால் தொட்டு வைத்தால், தடிமனும் பிரஷ்ஷின் தடமும் வேறு என்பதால் அந்த இடம் மட்டும் தனியாக மினுங்கும். மூலைக்கு மூலை முழுச் சுவரையும் ரோலரால் ஒரு கோட் அடிப்பதே வழி. கை படும் இடங்களில் வரும் பளபளப்புக்குக் காரணம் அழுக்கு மட்டுமல்ல. தேய்த்துத் தேய்த்துத் துகள்களின் முனைகள் மழுங்கிப்போகின்றன. அழுத்தித் துடைக்கத் துடைக்க அது இன்னும் கூடும். சுவிட்சைச் சுற்றியும் மாடிப்படி ஓரத்திலும் மேட் வேண்டாம் என்று வீட்டுக்காரருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். அங்கே சாட்டின் அடிப்பதில் எந்தத் தவறும் இல்லை.

மரம்

மர வேலையில் ஒரு விதி மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். அடிக் கோட்டுகள் எல்லாம் பளபளப்பான வார்னிஷாக இருக்கட்டும். கடைசிக் கோட்டு மட்டும் மேட். மெலமைன் ஆனாலும் பி.யு. ஆனாலும் இதேதான். எல்லாக் கோட்டிலும் மேட் அடித்தால், ஒவ்வொரு படலத்துக்குள்ளும் சிலிக்கா சிக்கி, தேக்கின் ரேகை பால் ஊற்றியதுபோல் மறையும். மங்கல் மேலே ஒரே ஒரு படலத்தின் முதுகில் இருந்தால் போதும். முந்தைய கோட்டை 320 எண் உப்புத்தாளால் சீராகத் தேய்த்துவிட்டு அந்தக் கடைசிக் கோட்டை அடியுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னையிலும் நாகையிலும் என்.சி. லாக்கர் அடிப்பவர்களுக்குப் பழக்கமான சங்கடம் ஒன்று உண்டு. அடித்த சில நிமிடத்தில் பரப்பு வெளுத்துப் புகைபடர்ந்ததுபோல் ஆகும். வேகமாக ஆவியாகும் தின்னர் பரப்பைக் குளிரச் செய்கிறது. காற்றின் ஈரம் அங்கே பனியாக இறங்குகிறது. நீர் பட்ட லாக்கர் திரிந்துவிடுகிறது. வேண்டாத இந்த மேட்டைத் தேய்த்து எடுக்கத் தேவையில்லை. மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னரை மெல்லிய புகையாக ஸ்பிரே செய்தால், படலம் திரும்ப இளகி, ஈரம் வெளியேறிப் பெரும்பாலும் தெளிந்துவிடும். எபாக்சித் தரையில் ஈர இரவுகளில் வரும் பிசுபிசுப்பான மங்கல் வேறு வகை. அங்கே கடினமாக்கியில் உள்ள அமீன், காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து உப்பாகப் படிகிறது. அதை முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவ வேண்டும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் அந்த உப்பு தரை முழுவதும் பரவும்.

பவுடரும் சுருக்கமும்

பவுடர் கோட்டிங்கில் தண்ணீரும் இல்லை, தின்னரும் இல்லை. ஆவியாகிப் படலம் மெலிவதில்லை என்பதால் சிலிக்காவைச் சேர்த்தும் பெரிதாகப் பயன் கிடையாது. வேறு வழி கண்டுபிடித்தார்கள்: வேறு வேறு வேகத்தில் இறுகும் இரண்டு பிசின் அமைப்புகளை ஒரே பொடியில் கலப்பது. அடுப்பில் 180 முதல் 200 டிகிரி செல்சியஸில் ஒன்று முந்திக்கொண்டு இறுகிச் சுருங்க, மற்றது பிந்திச் சுருங்குகிறது. அந்தப் பொருத்தமின்மை பரப்பில் நுண்சுருக்கமாகப் பதிகிறது. ஆகவே பவுடர் மேட்டில் அடுப்புதான் அளவுகோல். கனமான இரும்புக் கதவும் மெல்லிய தகடும் ஒரே நேரத்தில் உள்ளே போனால், கதவு சூடேறப் பிந்தும். இரண்டின் பளபளப்பும் ஒத்துவராது. அடுப்புக் காற்றின் வெப்பத்தை நம்பாமல், பொருளின் வெப்பத்தை அளந்து நேரத்தைக் கணக்கிடுங்கள்.

புற ஊதா விளக்கில் இறுகும் மரப்பலகைப் பூச்சுகளிலும் இதே சிக்கல் இருந்தது. அதற்கு வந்த தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. 172 நானோமீட்டர் ஒளி தரும் எக்சைமர் விளக்கை, நைட்ரஜன் சூழலில், ஈரப் பூச்சின்மேல் காட்டுகிறார்கள். அந்த ஒளி ஆழமாக ஊடுருவாது. மேல்தோலை மட்டும் இறுக்கிவிடும். கீழே திரவம், மேலே மெல்லிய தோல். ஆறும் பாலின் மேல் ஏடு சுருங்குவதுபோல அந்தத் தோல் நுண்மடிப்புகளாகச் சுருங்குகிறது. பிறகு சாதாரணப் புற ஊதா விளக்கு அடிவரை இறுக்கி, அந்த மடிப்புகளை அப்படியே நிலைநிறுத்துகிறது. எந்தப் பொடியும் சேர்க்காமல் 60 டிகிரியில் 5 அலகுக்கும் கீழே இறங்க முடிகிறது. விலை உயர்ந்த மாடுலர் கிச்சன் கதவுகளில் கை வைத்ததும் வெல்வெட்டாகத் தோன்றும் மேட் பெரும்பாலும் இந்த வகை.

ஃபிலிம்

பத்திரிகை, புத்தக அட்டை, இனிப்புப் பெட்டி ஆகியவற்றின் மேல் ஒட்டும் மேட் ஃபிலிம் பாலிபுரோப்பிலீனால் ஆனது. தொழிற்சாலையில் தடித்த தகடாக வார்த்து, நீளவாக்கில் ஏறக்குறைய 5 மடங்கும் அகலவாக்கில் 8 முதல் 10 மடங்கும் இழுத்து மெல்லிய படலமாக்குகிறார்கள். பளபளப்பான ஃபிலிமும் இப்படித்தான் பிறக்கிறது. மேட் ஃபிலிமின் மேல்தோலில் மட்டும், ஒன்றோடொன்று கலக்காத இரண்டு பிளாஸ்டிக்குகளைச் சேர்த்திருப்பார்கள். பொதுவாகப் பாலிபுரோப்பிலீன் வகை ஒன்றும் அடர் பாலிஎத்திலீனும். உருக்கும்போதே அவை பிரிந்து தனித்தனித் திட்டுகளாக நிற்கும். இழுக்கும்போது இரண்டும் வேறு வேறு விதமாக இழுபட்டு, தோல் முழுதும் நுண்ணிய மேடுபள்ளமாகும். பொடி எதுவும் துருத்திக்கொண்டு இருப்பதில்லை. பிளாஸ்டிக்கே அந்த வடிவம் கொள்கிறது.

சிவகாசி அச்சகங்களில் மேட் லேமினேஷனைப் பற்றி வரும் புகார்களில் முதலிடம் கீறலுக்கு. அந்த நுண்மேடுகள் மென்மையானவை. அட்டைகள் ஒன்றோடொன்று உரசினாலே மழுங்கிப் பளபளப்பான கோடுகளாகும். கருநிற அட்டையில் அது கண்ணைக் குத்தும். அட்டைக்குக் கறுப்போ கருநீலமோ பின்னணியாக இருந்தால், கீறல் தாங்கும் வகை மேட் ஃபிலிமை வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் ஆயிரம் அட்டைகளை மறுபடி அடிப்பதைவிடக் குறைவு. கட்டுக்கட்டும்போது நடுவில் தாள் வைப்பதும், அட்டைகளை இழுக்காமல் தூக்கி அடுக்குவதும் செலவில்லாத பாதுகாப்பு. சூட்டில் ஒட்டும் ஃபிலிமில், சூடான உருளையைத் தொடுவது அந்த மேட் பக்கமே. தேவைக்கு மேல் சூடும் அழுத்தமும் வைத்தால் மங்கல் குறையக்கூடும்.

மேட்டின் மேல் ஸ்பாட் யு.வி. அல்லது தங்க ஃபாயில் போட வேண்டுமானால், ஃபிலிமின் வெளிப்பக்கம் கரோனா முறையில் பதப்படுத்தப்பட்டதா என்று டைன் பேனாவால் சோதியுங்கள். 38 டைனுக்குக் குறைந்தால் வார்னிஷ் முத்து முத்தாக ஒதுங்கும், பிறகு நகத்தாலேயே உரியும். பதப்படுத்தியதன் வீரியம் கிடங்கில் கிடக்கக் கிடக்கக் குறையும் என்பதால், பழைய ரோலை நம்பிப் பெரிய ஆர்டரை ஏற்காதீர்கள்.

உலோகம்

சமையலறையில் இருக்கும் அலுமினியத் தாளைப் பிரித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மினுங்கும், மறுபக்கம் மங்கல். எந்தப் பக்கத்தில் உணவை வைக்க வேண்டும் என்று பலர் கவலைப்படுகிறார்கள். எந்தப் பக்கமானாலும் சமையலில் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. அவ்வளவு மெல்லிய தாளைத் தனியாக உருட்டினால் கிழியும். எனவே கடைசி உருட்டில் இரண்டு தாள்களைச் சேர்த்து உருளைகளுக்கு நடுவே விடுகிறார்கள். வழவழப்பான எஃகு உருளையைத் தொட்ட வெளிப்பக்கம் அதன் வழவழப்பை வாங்கிக்கொள்கிறது. ஒன்றையொன்று பார்த்திருந்த உட்பக்கங்களை எந்த உருளையும் தொடவில்லை. அங்கே அலுமினியத்தின் மணிகள், அதாவது உலோகத்தின் நுண்படிகங்கள், தம்போக்கில் நெளிந்து சொரசொரப்பாகின்றன.

எவர்சில்வர் தகட்டிலும் உருளையின் கதை உண்டு. 2டி என்ற வகை, குளிர்நிலையில் உருட்டி, சூடேற்றி, நைட்ரிக்–ஹைட்ரோஃபுளூரிக் அமிலக் கலவையில் கழுவியது. அமிலம் மணிகளின் எல்லைகளைக் கடிப்பதால் மங்கல். அதையே மெருகேற்றிய உருளையில் லேசாக ஒருமுறை உருட்டினால் 2பி. கடைகளில் அதிகம் கிடைப்பது இது. அமிலமே படாமல் ஹைட்ரஜன் சூழலில் சூடேற்றினால் கண்ணாடிபோல் மின்னும் பி.ஏ. வகை. பாத்திரப் பட்டறையில் 2பி தகட்டை ஆழமாக அழுத்தி இழுக்கும்போது தோள்பட்டைப் பகுதி மட்டும் திடீரென மங்கினால் அமிலத்தைத் தேடிப் போகாதீர்கள். இழுவிசையில் ஒவ்வொரு மணியும் தன் திசையில் நெளிந்ததன் விளைவு அது. மணி பெரிதாக உள்ள தகட்டில் இது மோசமாகும். நுண்மணித் தகடு வாங்கினால் பஃபிங் கூலி குறையும்.

லிஃப்ட் கதவில் காணும் ஹேர்லைன் ஃபினிஷ், ஒரே திசையில் ஓடும் கோடுகளால் ஆனது. கோடுகளுக்குக் குறுக்கே ஒளி பரவும், நெடுக்கே பரவாது. கீறல் விழுந்தால் அதே எண் உப்புத்தாள் பட்டையால் கோட்டின் திசையிலேயே, முழு நீளத்துக்கும் இழுங்கள். வட்டமாகத் தேய்த்த இடம் எந்த வெளிச்சத்திலும் தழும்பாகத் தெரியும்.

மணல் வீச்சு முறைக்கு 1870-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் பெஞ்சமின் டில்மேன். கூர்முனைத் துகள் வீசினால் ஆழமான, இறுகிய மங்கல் கிடைக்கும். கண்ணாடி மணி வீசினால் மென்மையான சாட்டின். ஆற்று மணலையோ கடல் மணலையோ உலர்வாக வீசாதீர்கள், வீச விடாதீர்கள். நொறுங்கும் சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் என்னும் தீராத நோயைத் தருகிறது. கார்னெட், எஃகுத் துகள், அலுமினா என்று மாற்று எத்தனையோ இருக்கின்றன. மாற்றுப் பொருளானாலும் காற்றுக் குழாயுள்ள தலைக்கவசம் இல்லாமல் யாரையும் அந்த அறைக்குள் அனுப்பக் கூடாது. வீசி முடித்த பரப்பை வெறுங்கையால் தொட வேண்டாம். திறந்து கிடக்கும் பள்ளங்களில் கையெண்ணெய் இறங்கி, இரும்பானால் விரல் ரேகை வடிவிலேயே துருப் பிடிக்கும்.

அலுமினிய ஜன்னல் சட்டத்தை ஆனோடைஸ் செய்வதற்கு முன், 50 முதல் 60 டிகிரி செல்சியஸில் காஸ்டிக் சோடாக் கரைசலில் முக்குகிறார்கள். காரம் பரப்பை ஆழமில்லாத குழிகளாக அரிக்கிறது. பிறகு கறுப்பாகப் படியும் கசடை நைட்ரிக் அமிலத்தில் நீக்கி, கந்தக அமிலத் தொட்டியில் ஆனோடைஸ் செய்வார்கள். அந்த ஆக்சைடு படலம் அடியில் இருப்பதை மறைக்காது, அப்படியே காட்டும். அச்சுக் கோடு, கீறல், சீரற்ற அரிப்பு எல்லாம் காரத் தொட்டியிலேயே தீர்க்கப்பட வேண்டியவை. சட்டத்தில் மணி மணியாகப் பூ விழுந்தாற்போல் தெரிந்தால், காரத்தில் துத்தநாகம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உலோகக் கலவையிலிருந்து கரைந்து வந்து, சில மணிகளை மட்டும் அதிகமாக அரிக்கச் செய்யும். தொட்டியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும் என்பதால் காற்றோட்டமும் தீப்பொறி இல்லாத சூழலும் கட்டாயம்.

நிக்கல் முலாமில் மங்கல்தான் இயல்பு, பளபளப்பு செயற்கை. ஆலிவர் வாட்ஸ் 1916-இல் தந்த குளியலில் எதையும் சேர்க்காவிட்டால் முலாம் தூண் வடிவப் படிகங்களாக வளர்ந்து மங்கலாகவே வரும். சாக்கரின் போன்றவை சேர்ந்து மணிகளை நுணுக்கினால் மின்னும். குழாய்களிலும் கைப்பிடிகளிலும் காணும் சாட்டின் நிக்கலுக்கு, குளியலில் மிக நுண்ணிய எண்ணெய்த் துளிகள் போன்றவற்றை மிதக்கவிட்டு, அவை ஒட்டிய இடங்களில் முலாம் ஏறுவதைத் தடுத்துச் சிறு குழிகளை உண்டாக்குகிறார்கள்.

கால்வனைசிங் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே அநியாயமாகப் பழி சுமப்பவர்கள் அதிகம். ஒரே கேட்டில் ஒரு குழாய் வெள்ளியாக மின்ன, பக்கத்து ஆங்கிள் சிமென்ட் நிறத்தில் மங்கிக் கிடக்கும். துத்தநாகம் சரியில்லை என்று வாடிக்கையாளர் திருப்பி அனுப்புவார். காரணம் இரும்பில் இருக்கிறது. சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகிய துத்தநாகத்தில் முக்கும்போது, இரும்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவைப் படலம் வளர்கிறது. அதன்மேல் தூய துத்தநாகம் ஒரு மெல்லிய பளபளப்பான தோலாக நிற்கும். எஃகில் சிலிக்கன் ஏறக்குறைய 0.04 முதல் 0.12 விழுக்காடு வரை இருந்தால் அந்தக் கலவைப் படலம் கட்டுக்கடங்காமல் வளர்ந்து, மேலிருக்கும் தூய துத்தநாகத்தையும் தின்று பரப்புக்கே வந்துவிடும். இதை ஆராய்ந்தவர் பெயரால் சாண்டலின் விளைவு என்பார்கள். 0.25 விழுக்காட்டுக்கு மேலும் இதே மங்கல் வரும். அந்த மங்கிய பூச்சு பொதுவாகத் தடிமன் கூடியது. துருவைத் தடுப்பதில் குறைந்தது அல்ல. மேலே சில்வர் பெயிண்ட் அடித்து மறைக்காதீர்கள். ஒரே தோற்றம் வேண்டுமானால் ஒரே உருக்கிலிருந்து வந்த எஃகை வாங்கி, சான்றிதழில் சிலிக்கன் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலிலும் மழையிலும் நாளடைவில் மின்னும் குழாயும் துத்தநாகக் கார்பனேட் பூத்து மங்கிவிடும்.

ஆர்டர் எழுதும்போது

‘மேட்’, ‘செமி மேட்’, ‘சாட்டின்’ என்ற சொற்களை மட்டும் எழுதி வேலை வாங்காதீர்கள். ஒரு நிறுவனத்தின் சாட்டின் இன்னொன்றின் எக்‌ஷெல் ஆக இருக்கும். எண்ணையும் கோணத்தையும் எழுதுங்கள்: ‘60 டிகிரியில் 6 முதல் 10 அலகு’ என்பதுபோல. மேட்டில் 5-க்கும் 10-க்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கு நன்றாகத் தெரியும். பளபளப்பில் 85-க்கும் 90-க்கும் தெரியாது. எனவே மேட்டுக்கு விடும் வரம்பு இறுக்கமாக இருக்கட்டும்.

இரண்டு மாதிரித் தகடுகள் செய்து, ஒன்றில் ஏற்கக்கூடிய அதிகபட்சப் பளபளப்பு, மற்றதில் குறைந்தபட்சம் என்று இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். மாதிரியும் உண்மையான வேலையில் வரும் அதே அடித்தளத்தில், அதே தடிமனில், அதே ரோலரால் அல்லது அதே அடுப்பில் செய்யப்பட வேண்டும். தகடுகளைத் தாள் உறையில் போட்டு, ஒன்றோடொன்று உரசாமல் வையுங்கள். ஒப்பிடும்போது வேலையையும் தகட்டையும் ஒரே தளத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலில் நேராகவும் பிறகு ஜன்னல் பக்கமிருந்து சாய்வாகவும் பாருங்கள். கை படாத தகட்டையே எப்போதும் மூல மாதிரியாக வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர்களிடம் காட்டிக் காட்டித் தேய்ந்ததை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.